காதால் குறிபார்க்கும் சண்டை: ஆடியோ ஆக்‌ஷன் கேம் அமைக்க முழு வழிகாட்டி

ஆடியோ ஆக்‌ஷன் கேமில், அதாவது திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு ஆடும் சண்டை விளையாட்டில், ஆட்டக்காரர் தோற்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: சத்தம் கேட்டது, ஆனால் கை பிந்திவிட்டது. சத்தமே சரியாகக் கேட்கவில்லை என்றாலோ, கேட்டு அழுத்தியும் கணக்கு வேறு முடிவு சொன்னது என்றாலோ, அந்தத் தோல்வி கேமைச் செய்தவருடையது. நிரலுக்கு எதிரி எங்கே என்று துல்லியமாகத் தெரியும். ஆட்டக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் காதில் விழுந்தது மட்டும். அடி பட்டதா இல்லையா என்ற தீர்ப்பைக் காதில் விழுந்ததை வைத்தே சொல்ல வேண்டும். கீழே வரும் எல்லா எண்களும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தவை.

உதாரணத்துக்கு மொரிஷியஸ் களம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு நேரம், வெட்டுக்குத் தயாராக ஆளுயரம் தாண்டி நிற்கும் கரும்பு, கையில் சிலம்பக் கம்பும் இடுப்பில் கவணுமாக ஒரு காவல்காரர். காட்டுப்பன்றிகள் பல பக்கமிருந்தும் வருகின்றன. தூரத்தில் இருந்தால் கவண், நெருங்கிவிட்டால் கம்பு. பிரவுசருக்குள்ளேயே இருக்கும் வெப் ஆடியோ என்ற ஒலி நிரல் வசதியை வைத்து விளக்குகிறோம்; எதையும் வாங்கவோ நிறுவவோ வேண்டாம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். கோடோ, யூனிட்டி போன்ற கேம் என்ஜின்கள் எதில் செய்தாலும் எண்கள் மாறாது.

முதல் படி: காதின் அளவைத் தெரிந்துகொள்வது

நேர் முன்னால் இருக்கும் ஒலி ஏறக்குறைய 1 டிகிரி நகர்ந்தாலே மனிதக் காது கண்டுபிடித்துவிடும். பக்கவாட்டில் அதே காதுக்கு 10 டிகிரிக்கு மேலும் பிசகும். இடம் வலம் தெரிவது இரண்டு வழியில். ஒரு காதுக்கு ஒலி முந்திச் சேரும். அந்த வித்தியாசம் அதிகபட்சம் 0.65 மில்லிநொடி அளவில்தான் இருக்கும். சுமார் 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இதுதான் முக்கிய வழிகாட்டி. அதற்கு மேலே, தலை மறைப்பதால் ஒரு காதில் ஒலி குறைவாகக் கேட்பது வழிகாட்டும்.

முன்னா பின்னா என்பது வேறு கதை. வலப்பக்கம் முன்னால் 60 டிகிரியில் இருக்கும் பன்றியும் பின்னால் 120 டிகிரியில் இருக்கும் பன்றியும் இந்த இரண்டு கணக்கிலும் ஒன்றுபோலவே வரும். காது மடல் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் செய்யும் சிறு மாற்றங்கள்தான் பிரித்துக் காட்டும். அந்த மடல் ஒவ்வொருவருக்கும் வேறு. தலையும் மடலும் ஒலியை மாற்றும் விதத்தைப் போலிசெய்து திசை காட்டும் கணக்குக்கு எச்ஆர்டிஎஃப் என்று பெயர். கேம் என்ஜினில் வரும் பொதுவான எச்ஆர்டிஎஃப் யாரோ ஒருவர் மடலின் அளவு. உங்கள் ஆட்டக்காரருக்கு அது பொருந்தும் என்று நம்பி எதையும் கட்டாதீர்கள்.

இரண்டாம் படி: எதிரிக்குச் சத்தம் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான ஆடியோ கேம்கள் சறுக்கும் இடம் இது. எதிரியின் சத்தம் மூன்று வேலை செய்தாக வேண்டும்: நான் யார், என்ன செய்துகொண்டிருக்கிறேன், எங்கே இருக்கிறேன். மூன்றாவதற்கு எல்லாச் சத்தமும் உதவாது.

மொரிஷியஸின் நாட்டுப்புற இசையான சேகாவின் வாத்தியங்களை நினைத்துப் பாருங்கள். ட்ரையாங்கிளின் ஓசை சில சுரங்களில் குவிந்து நீண்டு ஒலிக்கும். அறைக்குள் எங்கிருந்து வருகிறது என்று சொல்வது கடினம். ரவான் என்ற தோல் பறையின் அடி ஆழமானது. உடம்பில் உறைக்கும், திசை மங்கலாக இருக்கும். மரவான் என்ற கிலுகிலுப்பைப் பெட்டியை ஆட்டும்போது உள்ளே விதைகள் உருளும் சலசலப்பு தாழ்விலிருந்து உச்சம் வரை பரவி, வெட்டு வெட்டாக விழுகிறது. காது உடனே திசையைப் பிடித்துவிடும். இதையே பாகம் பிரித்துக்கொள்ளலாம். எதிரியின் இடத்தைச் சொல்ல மரவான் வகை: பன்றி கரும்புச் சருகை மிதிக்கும் சத்தம், நொடிக்கு 2 முதல் 4 தடவை, ஒவ்வொன்றும் 60 முதல் 100 மில்லிநொடி. பாய்ச்சலின் எச்சரிக்கைக்கு ரவான் வகை: தாழ்ந்த உறுமல், ஆனால் அதோடு குளம்பு மண்ணைக் கீறும் கரகரப்பும் சேர வேண்டும், உறுமல் மட்டும் என்றால் திசை தெரியாது. திசையே தேவையில்லாத செய்திக்கு, அதாவது உயிர் குறைவு, கல் தீர்ந்தது ஆகியவற்றுக்கு, ட்ரையாங்கிள் வகை.

அடுத்த சிக்கல் காற்று. கரும்புத் தாள் உரசும் சத்தம் இல்லாமல் களத்துக்கு உயிரில்லை. ஆனால் அந்த உரசல் முன்பின் காட்டும் உயர் அலைவரிசைகளையே போர்த்தி மூடும். பின்னணிக் காற்றில் 2000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை 6 டெசிபெல் வெட்டிவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், குறைந்தால் பரவாயில்லை. தகரக் கூரையில் விழும் புயல் மழை இன்னும் மோசம். மழைக் கட்டம் வைக்க ஆசை இருந்தால், அந்தக் கட்டத்தில் பின்னாலிருந்து எதிரியை அனுப்பாதீர்கள்.

மூன்றாம் படி: ஒலியை இடத்தில் வைப்பது

ஒவ்வொரு பன்றிக்கும் ஒரு பேனர் நோட், அதாவது வெப் ஆடியோவில் ஒலியை ஓர் இடத்தில் வைக்கும் உறுப்பு. அதன் பேனிங் மாடல் இயல்பில் ஈக்வல்பவர் என்று இருக்கும், இரு காது ஒலியளவை மட்டும் மாற்றும் முறை அது. எச்ஆர்டிஎஃப் என்று மாற்றுங்கள். தூரக் கணக்கு இன்வர்ஸ், ஆதாரத் தூரம் (இதுவரை ஒலி குறையாது) 2 மீட்டர், ரோல்ஆஃப் (அதன்பின் ஒலி குறையும் வேகம்) 0.6. இந்தக் கணக்கில் 20 மீட்டரில் ஒலி சுமார் 16 டெசிபெல் குறையும். ரோல்ஆஃபை 1 என்றே விட்டால் 20 டெசிபெல் குறைந்து, காற்றுக்குள் பன்றி முழுகிவிடும்.

வெப் ஆடியோவில் கேட்பவரின் முன்பக்கம் குறை இசட் திசை, அதாவது இசட் அச்சின் எதிர்மறைப் பக்கம். வரைபடத்தின் வடக்கை அப்படியே கூட்டல் இசட் ஆக எழுதிவிட்டால், முன்னால் இருப்பது பின்னாலும் பின்னால் இருப்பது முன்னாலும் போய்விடும். இடம் வலம் சரியாகவே கேட்பதால் இந்தப் பிழை நீண்ட நாள் கண்ணில் படாது. "எச்ஆர்டிஎஃப் சரியில்லை" என்று அதன்மேல் பழி விழும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு நிலையான ஒலிகளை வைத்து, திரும்பும்போது எது எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று முதல் நாளே பாருங்கள். ஆட்டக்காரர் வலப்பக்கம் திரும்பினால் முன்னால் இருந்த ஒலி இடக்காதுக்குப் போக வேண்டும், பின்னால் இருந்தது வலக்காதுக்கு வர வேண்டும்.

முன்பின் குழப்பத்துக்கு மடலை நம்பாமல் ஒரு மரபை நீங்களே ஏற்படுத்துங்கள். பின்னால் இருக்கும் எதிரிக்கு 2000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை மங்கவைக்கும் லோபாஸ் வடிகட்டி, கூடவே 3 டெசிபெல் குறைப்பு. சரியாக 90 டிகிரியில் இதை முடுக்கினால் எல்லையில் நிற்கும் பன்றி மாறி மாறித் துடிக்கும். 80 முதல் 110 டிகிரி வரை படிப்படியாகக் கலந்து விடுங்கள். இதைச் செய்தபின் தூரத்துக்கும் மங்கலாக்கும் வடிகட்டியைப் போடவே கூடாது. மங்கல் என்றால் பின்னால் என்றா, தூரம் என்றா பொருள்கொள்வது? தூரத்தை ஒலியளவும் காலடி வேகமும் சொல்லட்டும்.

இடத்தையும் பார்வைத் திசையையும் மாற்றும்போது மதிப்பை நேரடியாகப் போடாமல் 20 மில்லிநொடி நேர மாறிலியோடு மெல்ல நகர்த்துங்கள். இல்லாவிட்டால் திரும்பும் ஒவ்வொரு முறையும் சொடுக்குச் சத்தம் வரும்.

நான்காம் படி: குறி

குறிக்குத் தேவை ஒரே எண்: எதிரி இருக்கும் திசைக்கும் ஆட்டக்காரர் பார்க்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம். அதை எப்போதும் குறை 180 முதல் கூட்டல் 180 வரைக்குள் கொண்டுவாருங்கள். பார்வை 350 டிகிரி, எதிரி 10 டிகிரி என்றால் விடை 20. மடக்காமல் விட்டால் குறை 340 என்று வந்து, வடக்கே வரும் பன்றி மட்டும் எப்போதும் தப்பிக்கும்.

அடுத்து, எவ்வளவு வித்தியாசம் வரை அடி படும்? பன்றியின் அரை அகலம் 0.6 மீட்டர் என்று வைத்தால், 5 மீட்டரில் அது இருபுறமும் சுமார் 7 டிகிரி, 15 மீட்டரில் 2.3 டிகிரி. ஆய்வகத்தில் 1 டிகிரியைப் பிடிக்கும் காதும் பொதுவான எச்ஆர்டிஎஃப், காற்றுச் சத்தம், பதற்றம் மூன்றும் சேர்ந்தால் 2.3 டிகிரியை நம்பகமாகப் பிடிக்காது. எனவே எந்தத் தூரத்திலும் இருபுறமும் 6 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று வரம்பு வையுங்கள். 15 மீட்டரில் இது பன்றியை 1.6 மீட்டர் அரை அகலம் உள்ளதாக்குகிறது. கண்ணால் பார்த்தால் சிரிப்பு வரும். காதுக்கு இதுதான் நேர்மையான அளவு.

இப்போது திரும்பும் வேகம். நொடிக்கு 120 டிகிரி என்று பலரும் வைக்கிறார்கள். இருபுறமும் 6 என்றால் மொத்தச் சன்னல், அதாவது அடி படும் இடைவெளி, 12 டிகிரி. 120 வேகத்தில் அது 100 மில்லிநொடியில் கடந்துவிடும். சாதாரணச் சத்தத்துக்கு விரல் அசையவே 150 மில்லிநொடி அளவில் ஆகும். சத்தம் நடுவில் வந்துவிட்டது என்று தீர்மானித்து அழுத்த 250 வரை வேண்டும். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இந்தக் கணக்கில் அடி விழாது. எதிரிக்கு 15 டிகிரிக்குள் வந்ததும் திரும்பும் வேகத்தை 40 ஆகக் குறைத்தால் சன்னல் 300 மில்லிநொடி திறந்திருக்கும். குறி அமைப்பில் வேறு எதையும் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள். சுற்றிப் பார்க்க வேகமும் தேவை என்பதால் 45 டிகிரி தாவும் தனிப் பொத்தான்கள் இரண்டு கொடுங்கள்.

குறி ஒலி: 15 டிகிரிக்குள் வந்தால் 150 மில்லிநொடிக்கு ஒரு சிறு டிக், 15 மில்லிநொடி நீளம், 3000 ஹெர்ட்ஸ் அளவில், பன்றியின் சத்தத்தைவிட 10 டெசிபெல் குறைவாக, திசையில்லாமல் நடுவில். 6 டிகிரிக்குள் வந்ததும் சுருதி 5 அரைத்தொனி ஏறட்டும், அதாவது 1.335 மடங்கு வேகத்தில் இயக்குங்கள். உள்ளே வர 6, வெளியேற 8 என்று வித்தியாசம் வையுங்கள். இரண்டும் 6 என்றால் எல்லையில் டிக் நடுங்கும். 6 முதல் 8 வரை டிக் உயர்ந்தே கேட்பதால் அந்த இடைவெளியில் அழுத்தினாலும் அடி பட்டதாகவே கணக்கிடுங்கள். தானாகவே எதிரியைப் பூட்டிக்கொள்ளும் வசதியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதன்பின் ஆட்டக்காரர் பன்றியைக் கேட்பதை நிறுத்திவிட்டு டிக்கை மட்டும் கேட்பார். தேவைப்படுவோருக்கு அமைப்புப் பக்கத்தில் இருந்தால் போதும்.

கவண் கல் தவறும்போது வெறும் "தவறு" ஒலி போடாதீர்கள். கல் எந்தத் திசையில் போனதோ அந்தத் திசையிலேயே, பன்றி இருக்கும் அதே தூரத்தில், கரும்புத் தாளைக் கிழித்து விழும் சத்தத்தை வையுங்கள். பன்றி சற்று இடப்பக்கம் கனைக்கிறது, கல் சற்று வலப்பக்கம் விழுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே அடுத்த கல்லுக்கான திருத்தம். யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: தாமதம்

புளூடூத் இயர்ஃபோனில் ஒலி 150 முதல் 250 மில்லிநொடி வரை பிந்திக் கேட்பது சகஜம். 200 என்று வையுங்கள். நொடிக்கு 120 டிகிரி திரும்புபவர் ஒலி நடுவில் கேட்டு அழுத்தும்போது உண்மையில் 24 டிகிரி தாண்டிப் போயிருப்பார். 40 வேகத்தில்கூட 8 டிகிரி. கம்பி உள்ள ஹெட்ஃபோன் போடச் சொல்வது நல்ல அறிவுரைதான், ஆனால் புதுப் போன்கள் பலவற்றில் அதைச் செருகும் துளையே இல்லை.

தீர்வு, பழையதை நினைவில் வைப்பது. பார்வைத் திசையையும் எல்லா எதிரிகளின் இடத்தையும் கடைசி 500 மில்லிநொடிக்குச் சேமித்துக்கொண்டே வாருங்கள். பொத்தான் அழுத்தியதும் இப்போதைய நிலையை விட்டு, தாமத அளவுக்கு முந்தைய நிலையை எடுத்து அடியைக் கணக்கிடுங்கள். ஆட்டக்காரர் கேட்டது அந்த நிலையைத்தான்.

தாமதம் எவ்வளவு என்று ஆடியோ கான்டெக்ஸ்டின் (வெப் ஆடியோவின் மையப் பொருள்) அவுட்புட்லேட்டன்சி என்ற மதிப்பு சொல்லும், ஆனால் புளூடூத்தில் அது எப்போதும் சரியாக வராது. அளந்து பார்ப்பது மேல்: 600 மில்லிநொடிக்கு ஒரு தட்டு, ஆட்டக்காரர் கூடவே 16 தடவை தட்ட வேண்டும், முதல் நாலைத் தள்ளிவிட்டு மீதியின் இடைநிலை மதிப்பை எடுங்கள். மனிதர்கள் தாளத்துக்குச் சில பத்து மில்லிநொடி முந்தித்தான் தட்டுவார்கள். அதனால் வரும் எண் உண்மையைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அதைத் துல்லியமாக்க மெனக்கெட வேண்டாம். தாமத ஈடு, அதாவது பின்னோக்கிப் போகும் இந்த நேரம், 300 மில்லிநொடியைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கைகலப்பின் நேரக் கணக்கு

பன்றி நெருங்கியதும் டிகிரிக் கணக்கை விட்டுவிடுங்கள். 2021-இல் வெளியான கனடா நாட்டு ஆடியோ கேம் ‘த வேல்’ வாள்சண்டையை இடம், நடு, வலம் என மூன்று திசைக்குள் அடக்கியது, சரியான முடிவு. நெருக்கத்தில் ஆட்டத்தின் சுவை திசையைத் தேடுவதில் இல்லை, நேரத்தைப் பிடிப்பதில் இருக்கிறது. மூன்று திசைகளையும் குறை 60, 0, கூட்டல் 60 டிகிரியில் வையுங்கள்.

ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் மூன்று பகுதி. எச்சரிக்கை 700 மில்லிநொடி: குளம்பு கீறுவது, ஏறிக்கொண்டே போகும் உறுமல். பிறகு 60 மில்லிநொடி நிசப்தம். பிறகு அடி. அந்தச் சிறு நிசப்தத்தை வெட்டிவிடத் தோன்றும்; வெட்டாதீர்கள், அடி எப்போது என்பதைக் காது அதில்தான் பிடிக்கிறது. கம்பால் தடுக்கும் சன்னல், அடிக்கு 250 மில்லிநொடி முன்பிலிருந்து 80 மில்லிநொடி பின்பு வரை. தாமத ஈட்டைக் கழித்தபின் இந்தக் கணக்கு. தடுத்துவிட்டால் பன்றி 900 மில்லிநொடி தடுமாறட்டும், அதுதான் திருப்பி அடிக்கும் நேரம்.

ஒரே வகைப் பன்றியின் எச்சரிக்கை நீளம் எப்போதும் மாறக் கூடாது. கட்டம் கடினமாக வேண்டுமானால் இரண்டு பாய்ச்சலுக்கு இடையிலான நேரத்தைக் குறையுங்கள், அல்லது 500 மில்லிநொடி எச்சரிக்கையோடு வேறு குரலில் ஓர் இளம்பன்றியைக் கொண்டுவாருங்கள். பழகிய குரல் ஒரு நாள் 700, மறுநாள் 600 என்றால் கற்றதெல்லாம் வீண்.

ஒலிகளை செட்டைம்அவுட் என்ற பிரவுசர் நேரக் கட்டளையை வைத்து இயக்காதீர்கள். அது இப்படியும் அப்படியும் தள்ளாடும், டேப் பின்னணிக்குப் போனால் நொடிக் கணக்கில் பிந்தும். ஆடியோ கான்டெக்ஸ்டின் கரன்ட்டைம் கடிகாரத்தில் எச்சரிக்கை, நிசப்தம், அடி மூன்றையும் முன்கூட்டியே வரிசைப்படுத்திவிட்டு, அடியைத் தீர்மானிக்கவும் அதே கடிகாரத்தையே பயன்படுத்துங்கள்.

பொத்தான் அழுத்தியதும் கம்பு சுழலும் விசிறல் உடனே கேட்க வேண்டும், நடுவில். 80 முதல் 100 மில்லிநொடி கழித்து விளைவு, பன்றி இருக்கும் இடத்தில்: சதையில் பட்ட மொத்தல், தந்தத்தில் பட்ட மரவெடிப்பு, அல்லது எதுவுமில்லை. விசிறலையும் விளைவையும் ஒரே ஒலியாகப் பதிந்துவிட்டால் பட்டதா தப்பியதா என்பது கலங்கும்.

பின்னாலிருந்து பாய்ச்சல் வேண்டாம். முன்பக்கம் இருபுறமும் 100 டிகிரிக்கு வெளியே இருக்கும் பன்றி சுற்றி மட்டும் வரட்டும். கடின நிலையில் அனுமதிப்பதானால் எச்சரிக்கையை 1200 ஆக்குங்கள், திரும்பவும் நேரம் வேண்டுமே.

ஏழாம் படி: கூட்டம்

ஒரே பதிவை இடத்திலும் வலத்திலும் இரண்டு பன்றிக்கு ஒரே நேரத்தில் இயக்கினால் காதுக்கு இரண்டு பன்றி கேட்காது. நடுவில், யாருமே இல்லாத இடத்தில், ஒரு பன்றி கேட்கும். ஆட்டக்காரர் அங்கே கல் எறிவார், தவறும், கேம் ஏமாற்றுகிறது என்பார், சரியாகத்தான் சொல்வார். ஒவ்வொரு பன்றிக்கும் வேறு பதிவு, சுருதியில் 2 அரைத்தொனியாவது வித்தியாசம், காலடிகளுக்கு நடுவே குறைந்தது 60 மில்லிநொடி இடைவெளி.

ஒரே நேரத்தில் கேட்கும் எதிரிகள் 4-க்கு மேல் வேண்டாம். மீதிப் பேர் தூரத்துக் கூட்டச் சத்தமாக ஒன்றுசேரட்டும். பாயும் உரிமை ஒரு சீட்டு. அதைக் கையில் வைத்திருக்கும் பன்றி மட்டுமே பாயலாம், முடித்து 500 மில்லிநொடி கழித்தே அடுத்தவருக்குச் சீட்டு. எச்சரிக்கை தொடங்கியதும் காற்றும் இசையும் 30 மில்லிநொடிக்குள் 8 டெசிபெல் இறங்கி, முடிந்தபின் 400 மில்லிநொடியில் மெல்ல ஏறட்டும்.

எட்டாம் படி: பேச்சும் பொத்தானும்

சண்டை நடுவே "வலப்பக்கம் பின்னால்" என்று குரல் சொல்லி முடிக்க ஒரு நொடிக்கு மேலாகும். அதற்குள் பன்றி பாய்ந்திருக்கும். பேச்சைப் பயிற்சிக் கட்டத்துக்கும் ஆட்டக்காரர் கேட்டால் மட்டும் சொல்லும் உயிர், கல் கணக்குக்கும் ஒதுக்குங்கள். மொரிஷியஸ் வீடுகளில் கிரியோலும் பிரெஞ்சும் தமிழும் புழங்குவதால் பேச்சுக் கோப்புகளை மொழிவாரியாகத் தனித்தனிக் கோப்புறையில் வையுங்கள். சண்டை ஒலிகள் எல்லா மொழிக்கும் ஒன்றே.

பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் பிரவுசரில் எச் எழுத்தை அடுத்த தலைப்புக்குத் தாவவும், அம்புக்குறிகளை வரிவரியாகப் படிக்கவும் எடுத்துக்கொள்ளும். கேம் இருக்கும் பகுதிக்கு அப்ளிகேஷன் என்ற ரோல் கொடுத்து அதற்கு ஃபோகஸையும் நகர்த்தினால்தான் பொத்தான்கள் உங்களிடம் வந்து சேரும். கன்ட்ரோல் பேச்சை நிறுத்தும் பொத்தான், இன்சர்ட்டும் கேப்ஸ்லாக்கும் திரைவாசிப்பானின் சொந்தப் பொத்தான்கள், மூன்றையும் தொடாதீர்கள். ஷிஃப்டை அடிக்கும் பொத்தானாக்கினால் ஐந்தாவது அடியில் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் பெட்டியைத் திறந்துவிடும்.

முதல் பொத்தான் அழுத்தும்வரை பிரவுசர் ஒலியை எழுப்பாது. தொடக்கப் பக்கத்தில் ஒரு "தொடங்கு" பொத்தான் கட்டாயம். அதை அழுத்தியதும் இடக்காது, வலக்காது என்று தனித்தனியே ஒலித்துக் காட்டுங்கள். இயர்ஃபோனை மாற்றிப் போட்டு ஆடுவது எல்லோருக்கும் நடக்கும்.

ஒன்பதாம் படி: பதிவேட்டை வைத்துத் திருத்துவது

ஒவ்வொரு எறிதலுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: நேரம், திரும்பிக்கொண்டிருந்த பக்கம், வேகம், தவறிய டிகிரி கூட்டல் குறையோடு, தூரம், அப்போது கேட்ட எதிரிகளின் எண்ணிக்கை, தாமத ஈடு. பார்வையற்ற ஆட்டக்காரர்கள் ஐந்தாறு பேராவது ஆட வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் பார்வையுள்ளவரின் எண்களைக் கொண்டு சன்னல்களை முடிவு செய்யாதீர்கள்; அவர் காது இந்த வேலைக்குப் பழகியதல்ல, கேம் தேவைக்கு மேல் தளர்ந்துவிடும்.

தவறுகள் திரும்பும் பக்கமாகவே தாண்டி விழுந்தால் தாமத ஈடு போதவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பக்கமாக விழுந்தால் இரு காது ஒலியளவு சமமில்லை, அல்லது ஆட்டக்காரருக்கு ஒரு காதில் கேட்கும் திறன் குறைவு. சமன் செய்யும் வசதியும், இடப்பக்கத்தைத் தாழ்ந்த சுருதியாகவும் வலப்பக்கத்தை உயர்ந்த சுருதியாகவும் காட்டும் மோனோ (இரு காதிலும் ஒரே ஒலி) முறையும் கொடுங்கள். 60 டிகிரி எதிரிக்கு 120 டிகிரியில் கல் விழுந்தால் முன்பின் வடிகட்டி போதிய அளவு மங்கவில்லை. இரண்டு பன்றி இருக்கும்போது மட்டும் நடுவில் விழுந்தால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள். பக்கவாட்டில் மட்டும் சிதறினால் அது காதின் இயல்பு, அதில் கை வைக்க வேண்டாம்.

திருத்தும்போது தாமத ஈட்டை முதலில் சரிசெய்யுங்கள், அடுத்து திரும்பும் வேகம், கடைசியாகச் சன்னல் அகலம். வரிசையை மாற்றி முதலில் சன்னலை அகலமாக்கினால் தாமதப் பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். கம்பி ஹெட்ஃபோன் போட்டு ஆடுபவருக்குக் கேம் மிக எளிதாகவும், புளூடூத்தில் ஆடுபவருக்கு அதே கட்டம் கடினமாகவும் நிற்கும்.